எந்த மாத்திரை காபாவைக் கூட்டும்? வலிப்பு மருந்துகளை ஒப்பிட வேறொரு கேள்வி

"என் தங்கைக்கு 22 வயது. போன வருஷம் இரண்டு முறை வலிப்பு வந்தது. ஒரு மருத்துவர் கார்பமாசெபின் எழுதினார். இன்னொருவர் லெவெடிராசிடம் போதும் என்கிறார். சொந்தத்தில் ஒருவருக்கு வால்ப்ரோயேட் ஆரம்பித்ததும் வலிப்பு நின்றேவிட்டதாம். மூளையில் காபா குறைந்தால்தான் வலிப்பு வரும் என்று படித்தேன். இந்த மூன்றில் எது காபாவை அதிகமாகக் கூட்டும் என்று மட்டும் சொல்லுங்கள். அதையே கேட்டு வாங்கிக்கொள்கிறோம்."

இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்கள், படித்ததும் முழுக்கத் தப்பில்லை. ஆனால் காபாவைக் கூட்டும் திறனை மட்டும் பார்த்துப் பரிசு கொடுத்தால், அது இந்த மூன்றில் எதற்கும் போகாது. விகாபாட்ரின் என்ற நான்காவது மருந்துக்குப் போகும். பெரியவர்களுக்கு அதை எழுத மருத்துவர்கள் கடைசி வரை தயங்குவார்கள். ஏன் அப்படி என்று புரிந்தால், மற்ற மருந்துகளை எப்படி ஒப்பிடுவது என்பதும் புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் வேதியியல்

நரம்பணுக்களைத் தூண்டிவிடும் முக்கியப் பொருள் குளூட்டமேட். அடக்கி வைக்கும் முக்கியப் பொருள் காபா. வேடிக்கை என்னவென்றால், காபா பிறப்பதே குளூட்டமேட்டிலிருந்துதான். குளூட்டமேட் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதி அதிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டால் போதும், கூச்சல் போடுகிற பொருள் அடக்குகிற பொருளாக மாறிவிடும்.

இந்த நொதிக்கு வைட்டமின் பி6 துணை வேண்டும். காசநோய் மருந்தான ஐசோனியாசிடை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு அடங்காத வலிப்பு வருவது இதனால்தான். பி6 செயலிழக்கிறது, காபா உற்பத்தி சரிகிறது. அந்த நிலையில் வழக்கமான வலிப்பு ஊசிகள் பெரும்பாலும் தோற்றுப்போகும். பி6 ஊசிதான் காப்பாற்றும்.

வேலை முடிந்த காபாவை நரம்பணுக்களும் அவற்றைச் சுற்றியுள்ள துணைச் செல்களும் உறிஞ்சிக்கொள்கின்றன. உள்ளே போனதும் காபா டிரான்சமினேஸ் என்ற நொதி அதை உடைக்கிறது. உடைந்தது சக்சினிக் செமிஆல்டிஹைடாகி, அப்புறம் சக்சினேட்டாகி, செல்லின் ஆற்றல் சுழற்சியில் போய்க் கலக்கிறது. குளூட்டமேட்டுக்கு வேறு பாதை. துணைச் செல்கள் அதை வாங்கிக் குளூட்டமினாக மாற்றி, நரம்பணுவிடமே திருப்பிக் கொடுக்கின்றன.

ஆக, ஒரு மருந்து தலையிடப் பல இடங்கள் இருக்கின்றன: காபா உடைவதைத் தடுக்கலாம், உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம், காபா வந்து ஒட்டும் ஏற்பியைக் கூர்மையாக்கலாம், குளூட்டமேட் வெளியே கொட்டுவதைக் குறைக்கலாம், அது போய் ஒட்டும் ஏற்பியை மூடலாம்.

"காபா குறைவுதான் வலிப்பு" என்ற சமன்பாடு இரண்டு இடங்களில் நேராகவே உடைகிறது. சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஆப்சென்ஸ் வலிப்பில், மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ஒரு தாளம் ஓடுகிறது. அந்தத் தாளத்தை ஓட்டுவதில் காபாவுக்கே பங்குண்டு. அங்கே காபாவைக் கொட்டினால் வலிப்பு கூடும். இரண்டாவது, பிறந்த குழந்தையின் மூளை. முதிராத நரம்பணுக்களுக்குள் குளோரைடு அதிகம் என்பதால், அவற்றில் காபா அடக்குவதற்குப் பதில் தூண்டிவிடவும் செய்யும்.

எதை வைத்து எடைபோடுவது

என் வரிசை இது. முதலில் வலிப்பின் வகை: மூளையின் ஓரிடத்தில் தொடங்குவதா, இரு பக்கமும் ஒருசேரத் தொடங்குவதா, ஆப்சென்ஸா, கைகால் சட்டென்று உதறும் மயோக்ளோனிக்கா. இரண்டாவது, நிறுத்தினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது. மூன்றாவது, மனநிலையும் நினைவும். நான்காவது, கர்ப்பம். ஐந்தாவது, மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகும் குணம். கடைசியாக, முழு அளவை எட்ட எத்தனை நாள் ஆகும் என்பது.

"எது வலிமையானது" என்பதை வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. நிற்காமல் தொடரும் வலிப்பில், முதல் ஊசி பலிக்காதவர்களுக்கு லெவெடிராசிடம், பாஸ்பெனிடாயின், வால்ப்ரோயேட் மூன்றையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2019ல் வெளிவந்தது. ஒன்று நரம்பணுவின் பொதிகளில் ஒட்டுவது, ஒன்று நரம்பணுவுக்குள் சோடியம் நுழையும் வாசலான சோடியம் கால்வாயை அடைப்பது, ஒன்று பல இடங்களில் கை வைப்பது. மூன்றிலும் பலன் கிடைத்தது ஏறக்குறைய பாதிப் பேருக்கு. வேதியியல் வேறு, விளைவு ஒன்று. வகைக்குப் பொருந்தும் மருந்துகளுக்குள் வித்தியாசம் பெரும்பாலும் அது வாங்கும் விலையில், அதாவது பக்கவிளைவுகளில்தான் தெரியும்.

விகாபாட்ரின்: உடைக்கும் நொதியையே பூட்டுவது

மருந்து உலகில் இப்படித் திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டவை குறைவு. பார்க்கக் காபா மாதிரியே இருக்கும். காபா டிரான்சமினேஸ் ஏமாந்து அதைப் பிடிக்கும், பிடித்த பிடி விடாது. நொதி செத்த மாதிரிதான். உடல் புதிதாக நொதி செய்யும் வரை காபா உடையாமல் தேங்கும். அதனால் மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறைந்தாலும் அதன் பலன் நாள்கணக்கில் நீடிக்கிறது. காந்த அதிர்வு நிறமாலை என்ற ஸ்கேன் மூலம் அளந்தபோது, இதை எடுத்துக்கொண்டவர்களின் மூளையில் காபா இரண்டு மூன்று மடங்கு வரை உயர்ந்திருந்தது.

காபாதான் மருந்து என்றால், ஒப்பீடு இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, காரணம் கண். விழித்திரையிலும் காபா உண்டு, அதை உடைக்கும் நொதியும் உண்டு. பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து மெதுவாகச் சுருங்குகிறது. எடுத்துக்கொள்பவர்களில் 30 சதவீதமோ அதற்கு மேலோ இப்படிப் பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க மருந்துக் குறிப்பே சொல்கிறது. இழந்தது திரும்பாது. நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரிவதும் இல்லை, கதவு நிலையில் தோள் இடித்த பிறகுதான் சந்தேகம் வரும். அதனால் மருந்து ஓடும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்வைப் புலச் சோதனை என்பது வழக்கம். மனச்சோர்வும் சிலருக்கு வரும். ஆப்சென்ஸையும் மயோக்ளோனிக்கையும் இது மோசமாக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு இதுவே முதல் தேர்வாகும் இடம் ஒன்று உண்டு. டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபு நோய் உள்ள கைக்குழந்தைக்கு வரும் கொத்துக் கொத்தான இழுப்பு. அது நிற்காவிட்டால் குழந்தையின் வளர்ச்சியே தேங்கிவிடும். அங்கே ஓரப் பார்வைக்கான ஆபத்தை ஏற்றுக்கொள்வது நியாயமான கணக்கு. அதுவும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

இதன் தூரத்துச் சொந்தம் டயகபின். காபா உறிஞ்சப்படுவதைத் தடுப்பது அதன் வேலை. வலிப்பே இல்லாதவர்களுக்கு வேறு காரணத்துக்காகக் கொடுத்தபோது அவர்களுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2005ல் எச்சரிக்கை வெளியானது. காபாவைக் கூட்டினால் அமைதி என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

வால்ப்ரோயேட்: எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்

1882ல் பெவர்லி பர்ட்டன் தயாரித்த இந்த அமிலம் எண்பது ஆண்டுகள் வெறும் கரைப்பானாகக் கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் சில புதிய பொருள்களை இதில் கரைத்து விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதைக் கரைத்தாலும் வலிப்பு நின்றது. அப்புறம்தான் உறைத்தது, மருந்து அந்தக் கரைப்பானேதான் என்று.

இது காபா உடையும் பாதையில் இரண்டு நொதிகளையும் ஓரளவு தடுக்கிறது, காபா உண்டாக்கும் நொதியைக் கொஞ்சம் ஊக்குகிறது, சோடியம் கால்வாய்களையும் தணிக்கிறது. மரபணுக்கள் வெளிப்படுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதிக் குடும்பத்தையும் தொடுகிறது. எந்தச் செயல் எந்த வலிப்பை நிறுத்துகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அதன் வீச்சு பெரிது. இரு பக்கமும் ஒருசேரத் தொடங்கும் வலிப்புகளில் இதை முந்த ஆளில்லை. பிரிட்டனில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள், 2007லும் 2021லும், இதையே காட்டின. 2021ல் லெவெடிராசிடம் இதற்கு ஈடுகொடுக்கவில்லை.

விலை? கர்ப்பத்தில் எடுத்தால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பெரிய பிறவிக் குறை. 30 முதல் 40 சதவீதம் குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், நடத்தை என்று வளர்ச்சியில் ஏதோ ஒரு தடங்கல். போலிக் அமிலம் சாப்பிடுவது நல்லதுதான், ஆனால் அது இந்த ஆபத்தைத் துடைத்துவிடாது. முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பம் என்று தெரிய வருவதற்கு முன்பே என்பதால், "கர்ப்பமானதும் மாற்றிக்கொள்ளலாம்" என்பதும் உதவாது. அதனால்தான் கர்ப்பமாகக்கூடிய வயதில் உள்ள பெண்களுக்கு, வேறு வழி இருக்கும் வரை, பல நாடுகள் இதைத் தவிர்க்கச் சொல்கின்றன. தந்தையாகத் திட்டமிடும் ஆண்களுக்கும் ஐரோப்பிய மருந்து முகமை 2024ல் முன்னெச்சரிக்கை சொன்னது.

மற்ற விலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: எடை கூடும், முடி உதிரும், கை நடுங்கும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், அம்மோனியா ஏறி ஆள் மந்தமாகலாம். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும், மைட்டோகாண்டிரியா சார்ந்த மரபுக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஈரலில் பெரிய ஆபத்து. இன்னொன்றைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் கடும் தொற்றுக்கு மெரோபெனம் வகை ஆன்டிபயாட்டிக் ஏற்றினால், வால்ப்ரோயேட் அளவு ஓரிரு நாளில் சரிந்து வலிப்பு திரும்பலாம். சேர்க்கும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

பீனோபார்பிட்டோனும் குளோபசாமும்: காபாவைத் தொடாமல் அதன் காதைக் கூர்மையாக்குவது

இவை காபாவின் அளவை மாற்றுவதை நம்பி இல்லை. காபா வந்து ஒட்டும்போது திறக்கும் குளோரைடு வாசலை பீனோபார்பிட்டோன் நீண்ட நேரம் திறந்து வைக்கிறது, குளோபசாம் போன்ற பென்சோடயசெபின்கள் அடிக்கடி திறக்க வைக்கின்றன. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் பென்சோடயசெபினுக்குக் காபா இருந்தால்தான் வேலை. பீனோபார்பிட்டோன் அளவு மீறினால் காபா இல்லாமலே வாசலைத் திறந்துவிடும், மூச்சும் அடங்கிவிடும்.

வலிப்பை அடக்கும் என்று 1912ல் ஆல்பிரெட் ஹாப்ட்மன் கண்டறிந்த பீனோபார்பிட்டோன் இன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. வேறு மருந்து தொடர்ந்து கிடைக்காத இடத்தில் இதைக் குறை சொல்வது சரியில்லை. தூக்கக் கலக்கம், கவனக் குறைவு, ஈரல் நொதிகளை முடுக்கிவிட்டுக் கருத்தடை மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் வலுவிழக்கச் செய்வது, எலும்பைத் தேய்ப்பது என்பதெல்லாம் இதன் கணக்கு. குளோபசாமுக்கு வேறு சிக்கல்: மூளை பழகிக்கொள்ளும், பலன் மங்கும். இரண்டையும் சட்டென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு ஒரேயடியாகத் துள்ளி எழும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்பில் முதல் மருந்து இன்றும் பென்சோடயசெபின்தான். நேரம் போகப் போகக் காபா ஏற்பிகள் செல்லின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வதால், தாமதித்துக் கொடுத்த அதே ஊசிக்குப் பலன் குறைவு.

லேமோட்ரிஜினும் கார்பமாசெபினும்: கூச்சலை வாசலில் நிறுத்துவது

சோடியம் கால்வாயை அடைத்து, நரம்பணு மறுபடி மறுபடி வெடிப்பதைத் தடுப்பவை இவை. வெடிப்பு குறைந்தால் குளூட்டமேட் கொட்டுவதும் குறையும். ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புக்கு என்னைக் கேட்டால் முதலில் பேச வேண்டியது லேமோட்ரிஜினைப் பற்றி. மேலே சொன்ன 2021 ஆய்விலும் அந்த வகையில் முந்தியது இதுவே. மந்தம் குறைவு, மனநிலைக்குப் பெரும்பாலும் நல்லது, கர்ப்பத்தில் பிறவிக் குறை விகிதம் பொது மக்களின் விகிதத்தை ஒட்டியே இருக்கிறது.

இதன் விலை பொறுமை. வேகமாக ஏற்றினால் தோலில் கடும் ஒவ்வாமை வரலாம், அதனால் முழு அளவை எட்ட ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். வால்ப்ரோயேட் கூட இருந்தால் இதன் அளவு இரட்டிக்கும், இன்னும் மெதுவாகப் போக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை இதைப் பாதியாக்கிவிடும். கர்ப்பத்திலும் அளவு சரியும், அப்போது ரத்தத்தில் அளந்து கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

கார்பமாசெபின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பில் பல பத்தாண்டுகளாக நிரூபிக்கப்பட்டது. ரத்தத்தில் சோடியம் இறங்குவது, மற்ற மருந்துகளை வலுவிழக்கச் செய்வது என்பவை அதன் குறைகள். ஆசிய வம்சாவளியினர் சிலரிடம் உள்ள எச்எல்ஏ-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தால் உயிருக்கே ஆபத்தான தோல் நோய் வரலாம், அதற்கு முன்கூட்டியே சோதனை இருக்கிறது. முக்கியமாக, ஆப்சென்ஸையும் மயோக்ளோனிக்கையும் இது கிளறிவிடும்.

லெவெடிராசிடம்: பொதியைப் பிடிப்பது

1999ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது ஒட்டும் இடம் எது என்று தெரிந்தது 2004ல்தான். நரம்புக் கடத்திகளைச் சுமக்கும் பொதிகளில் உள்ள எஸ்வி2ஏ என்ற புரதம் அது. காபாவை உண்டாக்குவதிலோ உடைப்பதிலோ நேரடியாகத் தலையிடுவதாக அறியப்படவில்லை.

நடைமுறையில் இதைவிடச் சௌகரியமான மருந்து குறைவு. உடனே தொடங்கலாம், ஊசியாகவும் போடலாம், பெரும்பாலும் சிறுநீரகம் வழியே போய்விடுவதால் மற்ற மருந்துகளோடு சண்டை இல்லை, கர்ப்பத்திலும் ஓரளவு நிம்மதி. வலிக்கிற இடம் மனநிலை. சிலருக்குச் சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், கோபம், சோர்வு. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். "மாத்திரையில் பக்கவிளைவே இல்லை" என்று சொல்பவர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

குளூட்டமேட் ஏற்பியையே மூடும் பெராம்பனெலும் 2012லிருந்து இருக்கிறது. ஆக்ரோஷம் பற்றிய கடும் எச்சரிக்கையோடு வருகிறது. முதல் மருந்தாக அதைப் பேச வேண்டிய அவசியம் குறைவு.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| மருந்து | கை வைக்கும் இடம் | முன்னே நிற்கும் சூழல் | தவிர்க்க வேண்டிய சூழல் |
|---|---|---|---|
| விகாபாட்ரின் | காபா உடைதல் | கைக்குழந்தை இழுப்பு | ஆப்சென்ஸ், மயோக்ளோனிக், ஏற்கெனவே பார்வைக் குறை |
| வால்ப்ரோயேட் | காபா நொதிகள், சோடியம் கால்வாய், இன்னும் பல | இரு பக்கமும் தொடங்கும் வலிப்பு | கர்ப்ப வாய்ப்பு, ஈரல் கோளாறு |
| பீனோபார்பிட்டோன் | காபா ஏற்பி | வேறு மருந்து எளிதில் கிடைக்காத இடம் | பல மருந்துகள் எடுப்பவர், படிக்கும் பிள்ளைகள் |
| லேமோட்ரிஜின் | சோடியம் கால்வாய், குளூட்டமேட் வெளியேற்றம் | ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு, கர்ப்பத் திட்டம் | உடனடிப் பலன் வேண்டியபோது |
| கார்பமாசெபின் | சோடியம் கால்வாய் | ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு | ஆப்சென்ஸ், மயோக்ளோனிக், மேலே சொன்ன மரபணு |
| லெவெடிராசிடம் | எஸ்வி2ஏ | அவசரத் தொடக்கம், பல மருந்து எடுப்பவர் | மனச்சோர்வு, கோபப் பிரச்சினை உள்ளவர் |

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்கு ஒரு இடைச்செருகல்: காபாபென்டின் காபாவைப் போலவே வடிவமைக்கப்பட்டு, அந்தப் பெயரையே சுமக்கிறது. ஆனால் அது ஒட்டுவது காபா ஏற்பியில் இல்லை, கால்சியம் கால்வாயின் ஒரு துண்டில். கடையில் விற்கும் காபா மாத்திரையும் அப்படித்தான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது எளிதில் தாண்டாது. வலிப்பு மருந்துக்குப் பதிலாக அதை எடுப்பது ஆபத்து.

குழந்தைகளின் ஆப்சென்ஸ் வலிப்புக்கு மேலே உள்ள எதுவும் முதல் பதில் இல்லை. கால்சியம் கால்வாயில் வேலை செய்யும் எத்தோசக்ஸிமைடுதான். 2010ல் வந்த ஒப்பீட்டில் அது வால்ப்ரோயேட்டுக்குச் சமமாக வலிப்பை நிறுத்தியது, லேமோட்ரிஜினை முந்தியது, கவனத்தை வால்ப்ரோயேட் அளவுக்குக் கெடுக்கவும் இல்லை.

அந்தத் தங்கையின் விஷயம்

கடிதத்தில் வயது இருந்தது, மருந்துகளின் பெயர் இருந்தது, காபா இருந்தது. வலிப்பின் வகை இல்லை. அதனால் பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டேன்: காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில் கை வெடுக்கென்று உதறுகிறதா, முக்கியமாக முந்தின ராத்திரி தூங்காமல் இருந்தால்?

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஆமாம், பல் துலக்கும்போது பிரஷ் பறந்துவிடுமாம். டம்ளர் கை நழுவி விழுமாம். ஐந்து வருஷமாக வீட்டில் அவளைக் "கவனமில்லாதவள்" என்று திட்டிக்கொண்டிருந்தார்களாம். மருத்துவர்கள் யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அது மயோக்ளோனிக்காக இருக்கலாம். இருந்தால் அவள் கையில் உள்ள மூன்று பெயர்களில் கார்பமாசெபின் முதலில் கழிகிறது. வால்ப்ரோயேட் இந்த வகைக்கு மிகவும் பொருத்தமானது, 22 வயதுப் பெண்ணுக்கு மிகவும் யோசிக்க வேண்டியதும் அதுவே. லெவெடிராசிடத்தில் தொடங்கி, மனநிலையைக் கவனித்து, போதாவிட்டால் மட்டும் மற்றதைப் பேசலாமா என்று மருத்துவரிடம் கேட்பது பொருத்தமான அடுத்த கேள்வி. தூங்காத மறுநாள் காலையில் கை உதறுவதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். இப்போது ஓடும் மாத்திரையை, அது எதுவானாலும், அதுவரை தானாக நிறுத்த வேண்டாம் என்றும் எழுதினேன்.